மூன்று வயதும் ஆறு வயதும் உள்ள வீட்டில் கிறிஸ்துமஸுக்கு என்ன செய்யலாம்?

பாலக்கோட்டில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மூத்தவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமை இரவுதான் வீட்டுக்கு வருவார். போன வருஷம் கடையில் அலங்காரப் பெட்டி ஒன்று வாங்கிப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார். கால் மணி நேரத்தில் இரண்டும் எழுந்து ஓடிவிட, மீதியை அவரே ஒட்டி முடித்தாராம். தெருவில் கிறிஸ்தவ வீடு அவர்களுடையது ஒன்றுதான். அதிகச் செலவில்லாமல், பிள்ளைகள் "இது நான் செய்தது" என்று காட்டும்படி வீட்டில் என்ன செய்யலாம் என்பது கேள்வி.

நான் காவேரிப்பட்டணம் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியிலும் சின்ன வகுப்பு எப்போதும் என் கையில்தான் இருந்தது. பிள்ளைகளோடு செய்து பார்த்து நிலைத்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைகள் எழுந்து ஓடியதில் யார் தப்பும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளை ஒரு வேலையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தாலே பெரிது. ஆறு வயதுக்குக் கால் மணி, மனம் பிடித்துப்போனால் இன்னும் கொஞ்சம். நாமோ மரம், குடில், ஸ்டார் எல்லாவற்றையும் ஒரே சாயங்காலத்தில் முடிக்கப் பார்க்கிறோம். அதனால் வேலையை நீட்டி விடுங்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் தயாராகிற நான்கு வாரம்தான் திருவருகைக் காலம். அதன் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வரும். அன்றைக்குத் தொடங்கி ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். தினம் கொஞ்சம் வளர்கிற வேலையாக இருந்தால் பிள்ளைகள் தாங்களே தேடி வருவார்கள். அப்படி வளர்கிற வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு: வைக்கோல் தொட்டி, ராகி முளை.

வைக்கோல் தொட்டி பல நாடுகளில் கத்தோலிக்க வீடுகளில் உள்ள பழைய வழக்கம். குழந்தை இயேசுவைப் படுக்க வைக்கத் தீவனத் தொட்டி ஒன்று செய்து முதல் ஞாயிறன்றே காலியாக வைத்துவிட வேண்டும். செருப்புப் பெட்டியின் அடிப்பாகம் போதும். வெளியே பழுப்புக் காகிதம் ஒட்டினால் மரத்தொட்டி மாதிரி ஆகிவிடும். பிள்ளை ஒரு நல்ல காரியம் செய்த நாளில் அதற்குள் ஒரு வைக்கோல் துண்டு போடும். கிறிஸ்துமஸ் இரவில் குழந்தை படுக்கும்போது மெத்தை மெத்தென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான் கதை. மூன்று வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நம் பக்கத்தில் மானாவாரி ராகி அறுத்துக் களம் முடிகிற சமயம் என்பதால் புது ராகித் தாள், அதாவது ராகி வைக்கோல், எங்கேயும் கிடைக்கும். நெல் வைக்கோலும் ஆகும். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி ஒரு சொம்பில் நிறுத்தி வையுங்கள். இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று என்றால் நான்கு வாரத்தில் ஐம்பது துண்டு சேரும். பெட்டியின் அடி மறைந்துவிடும்.

இதில் எனக்கு ஒரு பிள்ளை சொல்லிக் கொடுத்த விஷயம் உண்டு. வகுப்பில் தினம் ஒவ்வொருவராக எழுந்து "நான் என்ன செய்தேன்" என்று சொல்வார்கள். "அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்", "சண்டை போடவில்லை", இப்படி. ஒரு நாள் ஒரு சின்னப் பெண் வைக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்க அண்ணன் எனக்கு பலூனைக் கொடுத்துட்டான், அதுக்கு" என்றாள். அவள் செய்த காரியம் இல்லை, ஆனாலும் அவள் கையால் போட வேண்டும் என்கிறாள். அன்றிலிருந்து நான் வழக்கத்தையே மாற்றிவிட்டேன். அண்ணனைப் பற்றித் தங்கை சொல்லட்டும், தங்கையைப் பற்றி அண்ணன் சொல்லட்டும். நாள் முழுக்கத் தங்கையிடம் நல்லது எது என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஆறு வயதுப் பையன் வேறு மாதிரி ஆகிவிடுகிறான். அப்பாவும் சனிக்கிழமை வந்ததும் ஒன்று போட வேண்டும். அவருக்காகப் பிள்ளைகள் எதையாவது கண்டுபிடித்துச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: குறும்பு செய்தால் வைக்கோலைத் திரும்ப எடுக்கிற வழக்கத்தைத் தொடங்காதீர்கள். தொட்டி அப்புறம் பள்ளிக்கூட மார்க் ஷீட் ஆகிவிடும்.

அடுத்தது ராகி முளை. குடிலுக்கு முன்னால் பச்சைப் புல்வெளி வேண்டுமே, அதற்குப் பிளாஸ்டிக் புல் வாங்குகிறவர்கள் இப்போது அதிகம். நம் வீடுகளில் ராகியோ வெந்தயமோ விதைத்துத்தான் வைப்போம். இதில் முக்கால்வாசி வேலையைப் பிள்ளைகளே செய்யலாம் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

முதலில் ராகி முளைக்குமா என்று பார்க்க வேண்டும். இருபது மணியை எண்ணி ஈரத்துணியில் மடித்து வையுங்கள். மூத்தவன் எண்ணட்டும், அவன் வயதுக்கு அதுவே ஒரு பாடம். மூன்றாம் நாள் பிரித்துப் பார்த்தால் வெள்ளையாக மூக்கு நீட்டியிருக்கும். பதினைந்துக்கு மேல் முளைத்திருந்தால் அந்த ராகி நல்லது. மிகப் பழைய ராகி சரியாக முளைக்காது. மளிகைக்கடை ராகி அல்லது பக்கத்தில் யாராவது விளைவித்த ராகி எடுங்கள். விதைக்கடைப் பாக்கெட்டில் சில விதைகள் மருந்து கலந்து சிவப்பாகவோ ரோஸ் நிறத்திலோ இருக்கும், அது பிள்ளைகள் கையில் போகக் கூடாது.

விதைக்க வேண்டிய நாள் ஊரைப் பொறுத்தது. தருமபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் டிசம்பர் 13, 14 சரியாக இருக்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் குளிர் அதிகம், முளை மெதுவாக வரும், 10-ஆம் தேதியே போட்டுவிட வேண்டும். விதைப்பதற்கு இரண்டு நாள் முன்னால் இரவில் ஊறவைத்து, மறுநாள் காலையில் வடித்துத் துணியில் கட்டி ஒரு நாள் வைத்தால் முளை விட்டுவிடும். பழைய தட்டிலோ பிளாஸ்டிக் டப்பா மூடியிலோ ஒரு அங்குல உயரத்துக்குச் செம்மண்ணும் சலித்த எருவும் கலந்து பரப்புங்கள். ராகியை நெருக்கமாகத் தூவ வேண்டும், மண் தெரியவே கூடாது. வயலில் விதைக்கிற மாதிரி இடைவெளி விட்டால் குடிலில் வழுக்கை வழுக்கையாக இருக்கும். மேலே மண்ணை லேசாகத் தூவி, தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கால் இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

சின்னவளுக்கு வேலை தண்ணீர் தெளிப்பது. சொம்பைக் கொடுத்தால் கவிழ்த்துவிடுவாள், ராகியெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். பழைய தண்ணீர் பாட்டில் மூடியில் நாலைந்து ஓட்டை போட்டுக் கொடுங்கள். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு கொட்டாங்குச்சியில் கொஞ்சம் விதைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. யாருடையது உயரம் என்று தினமும் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். எங்கள் வகுப்பில் ஒரு வருஷம் தட்டைத் திண்ணையில் வைத்தோம். மறுநாள் எறும்பு வரிசையாக வந்து பாதி ராகியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, மீதியைக் கோழி கிளறிவிட்டது. பிள்ளைகள் அழுதே விட்டார்கள். அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டை வைப்பது என்று வைத்துக்கொண்டேன். அப்படி ஏதாவது ஆகிவிட்டால் டிசம்பர் 18-இல் கூட வெந்தயமோ கடுகோ போடலாம், ஒரு வாரத்தில் பச்சை காட்டிவிடும்.

ராகியை விட்டுவிட்டுச் சோளம் விதைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். புல்லாக வைக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இளஞ்சோளப் பயிரில் விஷம் உண்டு, ஆடு மாடு தின்றால் ஆபத்து. குடில் பிரித்த பிறகு அந்தப் புல்லை யாராவது ஆட்டுக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் சோளம் வேண்டாம்.

குடில் என்றதும் பொம்மை செட் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1223-ஆம் வருஷம் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் முதன்முதலில் வைத்த குடில் எப்படி இருந்தது தெரியுமா? தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு ஒன்று, கழுதை ஒன்று, அவ்வளவுதான். வண்ணம் பூசிய பொம்மைகள் பிறகு வந்தவை. பெத்லகேமில் பிறந்த குழந்தை பட்ட கஷ்டம் கண்ணெதிரே தெரிய வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். பாலக்கோட்டுப் பிள்ளைக்கு மாட்டுத்தொட்டியும் ராகித் தாளும் தினம் பார்க்கிற சாமான்கள். அந்தக் குடில் அவர்களுக்கு உடனே புரியும். மலைக்குச் சாக்கைக் களிமண் கரைசலில் முக்கி, பழைய டப்பாக்கள் மேல் போர்த்திக் காயவிட்டால் போதும். சாக்கு முக்குகிற வேலைக்கு இரண்டு பிள்ளைகளும் முழங்கை வரை இறங்குவார்கள். பழைய சட்டை போட்டு வாசலில் செய்யுங்கள்.

சரி, ஆடுகள். இங்கே நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கிற சாமான் இரண்டு இருக்கின்றன: பட்டுக்கூடும் புளியங்கொட்டையும். தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மல்பெரி போட்டு புழு வளர்க்கிற வீடுகள் நம் பக்கம் ஏராளம். பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிட்ட கூடு கிடைத்தால் அதுதான் நல்லது, உள்ளே ஒன்றும் இருக்காது. தரம் பிரிக்கும்போது ஒதுக்கிய கூடு என்றால் உள்ளே புழு காய்ந்திருக்கும். பெரியவர்கள் ஒரு முனையை வெட்டி அதை எடுத்துப்போட்டு, இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்றம் போகாது.

வெள்ளைக் கூட்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், அது ஏற்கெனவே ஒரு ஆடுதான். கட்டை விரல் நீளம், மேலே மெல்லிய நூல் பிசிறு, ரோமம் மாதிரியே இருக்கும். நாலு ஈர்க்குத் துண்டைக் காலாகச் செருகுங்கள். ஊசியால் நீங்கள் துளை போட்டுக் கொடுத்தால் ஆறு வயதுப் பையன் செருகிவிடுவான். முகத்துக்குப் புளியங்கொட்டை. நல்ல பழுப்பு நிறம், பளபளப்பு, அந்தச் சதுரமான வடிவம், ஆட்டு முகத்துக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. ஃபெவிகால் வைத்து ஒட்டிக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஈர்க்கு முனையைச் சுண்ணாம்பில் தொட்டு நீங்கள் இரண்டு புள்ளி வைத்தால் கண். சுண்ணாம்பு டப்பாவைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம், கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். மஞ்சள் கூடு கிடைத்தால் அதைக் கோழிக்குஞ்சு ஆக்கலாம். பெத்லகேமில் கோழிக்குஞ்சு இருந்ததா என்று மூத்தவன் கேட்டால், மாடு கட்டிய இடத்தில் கோழி இல்லாமல் இருக்குமா என்று திருப்பிக் கேளுங்கள். இன்னொரு கூட்டை நீளவாக்கில் பாதியாக வெட்டினால் தொட்டில் தயார். குழந்தை இயேசுவை மட்டும் பட்டுக்கூட்டில் படுக்க வைத்து, அதை வைக்கோல் மேல் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

கூடு கிடைக்காத வீட்டில் ஏரிக் களிமண். வெறும் களிமண் காயும்போது வெடிக்கும். கால் பங்கு பொடி மணலும், பொடியாக நறுக்கிய வைக்கோல் ஒரு கைப்பிடியும் சேர்த்துப் பிசைந்து, நிழலில் காயவையுங்கள். மூன்று வயதுப் பிள்ளை செய்கிற ஆடு உருண்டையாகத்தான் இருக்கும். அதைத் திருத்தாதீர்கள். நாம் கை வைத்த நிமிஷமே அது அவளுடையது இல்லை என்று ஆகிவிடுகிறது. போன வருஷம் பிள்ளைகள் எழுந்து போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், யோசித்துப் பாருங்கள்.

ஸ்டார் வேலையை அப்பா வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குங்கள். கூடை முடைகிறவர்களிடம் மூங்கில் சிம்பு பத்து வாங்குங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. கையை எடுக்காமல் ஐந்து கோட்டில் நட்சத்திரம் வரைவோமே, அதே வரிசையில் ஐந்து சிம்புகளைத் தரையில் அடுக்கி, ஐந்து முனையையும் நூலால் கட்டுங்கள். இதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து முனைகளைச் சேர்த்துக் கட்டுங்கள். இப்போது உள்ளே சிம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்கிற ஐந்து இடங்களிலும், நாலு விரல் அகலக் குச்சியை இரண்டு நட்சத்திரத்துக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துக் கட்டினால், தட்டையாக இருந்தது உப்பி எழும். அந்த நிமிஷத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். முதுகுப் பக்கம் ஒரு கட்டத்தை மட்டும் பல்பு வைக்க விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் காற்றாடிப் பேப்பர் ஒட்டலாம். பேப்பர் கிழிப்பது சின்னவள் வேலை, பசை தடவுவது பெரியவன் வேலை. சின்ன எல்.இ.டி. பல்பு மட்டும் போடுங்கள், பழைய குண்டு பல்பு சூட்டில் பேப்பர் கருகிவிடும். டிசம்பர் பனியில் பேப்பர் இரவோடு இரவாகத் தொய்ந்துபோகும், அதனால் தாழ்வாரத்துக்கு உள்ளேயே கட்டுங்கள்.

பசைக்கு ஒரு கரண்டி மைதாவைக் கட்டி இல்லாமல் நாலு கரண்டி தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் போதும். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள், போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பழக்கம் அது. பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள், அதைச் சேர்க்கவே கூடாது. துத்தம் இல்லாத பசை இரண்டு நாள் தாங்கும், புளித்ததும் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள்.

வாழ்த்து அட்டைக்கு வெண்டைக்காய். முற்றின காயைக் காம்புக்குக் கீழே குறுக்காக வெட்டினால் ஐந்து முனை உள்ள அச்சு ஒன்று கிடைக்கும், அதுவே நட்சத்திரம். மஞ்சள்தூளைக் குழைத்தோ பீட்ரூட்டை இடித்த சாற்றிலோ தொட்டு வெள்ளைத் தாளில் ஒற்றினால் தாள் முழுக்க நட்சத்திரம். மூன்று வயதுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. அட்டைகளைத் தாத்தா பாட்டிக்கும் ஊரில் உள்ள அத்தை மாமாவுக்கும் தபாலில் அனுப்புங்கள். பெட்டியில் போடுவது பிள்ளைகள் கையாக இருக்கட்டும்.

மரத்துக்குச் சவுக்குக் கிளை ஒன்று போதும், மணல் நிரப்பிய வாளியில் நட்டு வையுங்கள். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பலகாரத்தில் பிள்ளைகள் கை வைக்க ஏற்றது கலகலா. இரண்டு கப் மைதா, அரைக் கப் பொடித்த சர்க்கரை, சிட்டிகை உப்பு, இரண்டு டேபிள்ஸ்பூன் சூடான நெய், பிசையக் கெட்டித் தேங்காய்ப்பால். சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசைந்து அரைமணி நேரம் மூடி வையுங்கள். கோலிக்குண்டு அளவு உருண்டையைப் புதுச் சீப்பின் பல் மேலோ முள்கரண்டி முதுகிலோ வைத்து அமுக்கிச் சுருட்டினால் வரிவரியாகச் சங்கு மாதிரி வரும். பத்துச் சுருட்டிவிட்டுப் பிள்ளைகள் எழுந்து போனால் போகட்டும். அடுப்பு பற்ற வைக்கும் முன் சுருட்டும் வேலை முழுக்க முடிந்திருக்க வேண்டும், எண்ணெய் காயும்போது பிள்ளைகள் சமையலறையில் இருக்கக் கூடாது. அவர்கள் சுருட்டியதைத் தனித்தட்டில் வைத்துப் பொரித்து, அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிற தட்டில் மேலாக வையுங்கள்.

தெருவில் உங்கள் வீடு ஒன்றுதான் கிறிஸ்தவ வீடு என்கிறீர்கள். அது குறை என்று நான் நினைக்கவில்லை. கோவிலூர், எலத்தகிரி மாதிரிப் பழைய கிறிஸ்தவ ஊர்களில் பிள்ளைகள் சுற்றிலும் குடில் பார்த்தே வளர்வார்கள். உங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். ராகி விதைக்கிற அன்றே அவர்களையும் கூப்பிடுங்கள். ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சி கொண்டுவரட்டும், கிறிஸ்துமஸ் அன்று அவரவர் புல்லைக் கொண்டுவந்து குடிலில் வைக்கட்டும். பொங்கலுக்கு உங்கள் பிள்ளைகள் அவர்கள் வாசலில் கோலத்துக்குப் பொடி போடப் போவார்கள். 26-ஆம் தேதிக்குப் பிறகு ஒரு நாள் பஸ் ஏறி அந்தப் பழைய ஊர்களில் ஒன்றுக்குப் போய்க் கோயில் குடிலையும் காட்டிவிட்டு வாருங்கள்.

கேரல் வருகிற இரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேளம், விசில், முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா ஆட்டம், பெரியவர்களுக்கு உற்சாகம்தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த அசையாத பிளாஸ்டிக் முகம் பயம். நடுங்கிப்போய் இரண்டு இரவு தூங்காத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் முன்னாலேயே ஒரு முகமூடி வாங்கி, அப்பா சின்னவள் கண்முன்னே மாட்டட்டும், கழற்றட்டும். அப்புறம் அவளே மாட்டட்டும். பஞ்சுத் தாடியோடு யாரும் மெழுகுவத்தி பக்கம் போக வேண்டாம்.

ஆபத்தானவற்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். குன்றிமணி சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், ஒட்டு வேலைக்கு ஆசையாகவும் இருக்கும். அது கடும் விஷம், கடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படியே. நம் பக்கம் வேலி ஓரத்தில் இரண்டும் உண்டு, பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வருவார்கள், பழக்கிவிடாதீர்கள். புளியங்கொட்டை விஷம் இல்லை, ஆனால் மூன்று வயதுப் பிள்ளை மூக்கிலோ தொண்டையிலோ போட்டுக்கொள்ளும். ஆட்டு முகம் ஒட்டுகிற வேலை அவள் தூங்கும்போது நடக்கட்டும். தெர்மாகோல் மணியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். எல்லாவற்றையும் விட பட்டன் பேட்டரி: பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, எல்.இ.டி. மெழுகுவத்தி, மின்னுகிற தொப்பி எல்லாவற்றிலும் இருக்கிறது. விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்திலேயே பொசுக்க ஆரம்பித்துவிடும். சந்தேகம் வந்தாலும் காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். திருகாணி போட்டு மூடாத பேட்டரிச் சாமான் எதையும் வாங்காதீர்கள். குடிலில் பனி என்று பஞ்சைப் பரப்பி அதன் மேல் சீரியல் லைட் போடுவதும் தீப்பிடிக்கிற வேலை. நம் குடிலில் ராகிப் புல் இருக்கும்போது பஞ்சு எதற்கு?

24-ஆம் தேதி இரவு வரை தொட்டி காலியாகவே இருக்கட்டும், வைக்கோல் மட்டும். நடு இரவுத் திருப்பலிக்குப் பிள்ளைகள் விழித்திருக்க மாட்டார்கள், தூங்கினால் தூக்கிக்கொண்டு போங்கள் அல்லது காலைத் திருப்பலிக்குப் போங்கள். குழந்தையை வைக்கிற கை மட்டும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். விடிந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து வைத்தாலும் சரி.

25-ஆம் தேதியோடு முடித்துவிட வேண்டாம். மூன்று ராஜாக்களை முதலிலேயே குடிலில் வைக்காமல், வீட்டின் கடைசி மூலையில், அரிசி டிரம் பக்கத்தில் வையுங்கள். அவர்கள் குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கே இருந்து நடந்து வருகிறவர்கள். தினம் காலையில் பிள்ளைகள் அவர்களை ஓர் அடி நகர்த்தட்டும். ஜன்னல், டி.வி. ஸ்டாண்ட், வாசற்படி என்று ஒவ்வொரு நாளும் ஒரு ஊர். ராஜாக்கள் களிமண்ணோ, நூல்கண்டுக் கட்டையில் துணி சுற்றியதோ, எதுவானாலும் சரி. கையில் பொன்னுக்கு ஜிகினா உருண்டை, தூபத்துக்கு ஒரு துண்டு சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசினுக்குத் துணியில் கட்டிய சின்ன முடிச்சு. சாம்பிராணியை மோந்து பார்க்கக் கொடுங்கள், கோயில் வாசனை என்று அவர்களே சொல்வார்கள். ஜனவரி 6-ஆம் தேதி, ராஜாக்கள் திருநாள் அன்று, மூவரும் குடிலுக்கு வந்து சேரலாம்.

அப்புறம் குடிலைப் பிரிக்கும்போது ஆடுகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, அடியில் பிள்ளை பெயரும் வருஷமும் எழுதிப் பெட்டியில் வையுங்கள். தொட்டி வைக்கோலும் ராகிப் புல்லும் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு. தட்டைச் சின்னவளே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், நீங்கள் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆடு இழுக்கிற வேகத்தில் தட்டு விழுந்துவிடும்.